படகுத்துறைத் தூண்கள், பழுதும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இருந்துகொண்டு படகுத்துறைத் தூண் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதற்கு, பெண் பார்க்கப் போன வீட்டிலேயே சிரித்தார்கள். அப்புறம் இருபது வருஷமாக இதே பிழைப்புதான். சுற்றுவட்டாரக் கண்மாய்கள், மலையடிவாரத் தோட்டங்களின் குளங்கள், கிழக்கே ராமநாதபுரம் கடற்கரை என்று போய்வந்துகொண்டிருக்கிறேன். போனில் கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒருமுறை உட்கார்ந்து பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அண்ணே, மதுரையில் தண்ணீரே இல்லை. துறை எங்கே இருக்கிறது?

தண்ணீர் இல்லாததுதான் இங்கே பிரச்சினையே, அதற்குப் பிறகு வருகிறேன். வண்டியூர்க் கண்மாய் போலப் படகு விடும் இடங்கள் இருக்கின்றன. மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவர்கள் கரையிலிருந்து இறங்குவதற்கு நாலு தூண் நட்டுப் பலகை போட்டிருப்பார்கள். தங்கும் விடுதிக்காரர்கள் குளத்துக்குள் ஒரு மேடை நீட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கிழக்கே போனால் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தொண்டி. அங்கே வலைப்படகு கட்டும் ஜெட்டிகள்.

மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டியது. சுற்றிலும் கல் படிக்கட்டு. அங்கே எனக்கு வேலையே இல்லை. கருங்கல் படித்துறையைக் கட்டிவிட்டால் என்னைப் போன்ற ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தூண் நட்டால்தான் நான் வேண்டும்.

தூணில் எந்த இடம் முதலில் கெடும்? தண்ணீருக்குள்ளே இருப்பதுதானே?

இல்லை. இது ஒன்று புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தேவையே இல்லை.

முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் மரம் லேசில் கெடாது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீருக்கடியில் ஈரம் இருக்கிறது, காற்று இல்லை. மேலே காய்ந்த மரத்தில் காற்று இருக்கிறது, ஈரம் இல்லை. இரண்டும் சேரும் இடம் நீர்மட்டக் கோடு. அங்கேதான் தூண் இடுப்பு ஒடிந்து விழுகிறது.

தேக்கடியில் படகில் போயிருந்தால், ஏரிக்குள் மொட்டை மரங்கள் நின்றுகொண்டிருப்பதையும் அதன் உச்சியில் நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு காயப்போடுவதையும் பார்த்திருப்பீர்கள். 1895-இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது முழுகிப்போன காட்டு மரங்கள் அவை. நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அணைத் தண்ணீரில்தான் நம் ஊர் வயலும் விளைகிறது. நம் கிணறுகளில் போட்ட நெல்லிக்கட்டையும் அப்படித்தான்; தூர் வாரும்போது எடுத்துப் பார்த்தால் கருத்திருக்கும், உளுத்திருக்காது.

இரும்புக்கும் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கும் இதே கதைதான். துருப் பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். நனைந்து நனைந்து காயும் இடத்தில்தான் துரு வேகமாக ஏறும்.

இப்போது மதுரைக்கு வருவோம். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரியில் இந்தக் கோடு அதிகம் நகராது. அந்த இரண்டடியைப் பாதுகாத்தால் போதும். நம் கண்மாயோ மார்கழியில் மறுகால் போகும், வைகாசியில் பையன்கள் உள்ளே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். கோடு தூணின் தலையிலிருந்து கால் வரை ஒவ்வொரு வருஷமும் ஏறி இறங்குகிறது. ஆக, தூணின் முழு உயரமும் ஆபத்தான இடம்தான். போதாக்குறைக்குத் தண்ணீர் வற்றியதும் கரையான் வந்துவிடும். கோடையில் நட்டநடுக் கண்மாயில் ஒரு தூணில் மண்புற்று ஏறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ஏரித் துறைக்குச் சொல்வதை அப்படியே நம் கண்மாயில் செய்யக் கூடாது என்று நான் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது?

தண்ணீர் வற்றியிருக்கும் நாளில். சித்திரை முதல் ஆடி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடித்து, கலவை காய்ந்து, ஆட்கள் கரையேறியிருக்க வேண்டும். வைகைப் பாசனத்தில் சேர்ந்த கண்மாய் என்றால் அணையின் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 71 அடி அணை. நிரம்பி வரும்போது கால்வாயில் தண்ணீர் விட்டால் இங்கே மழையே இல்லாமல் கண்மாய் ஏறும். ஒரு தடவை சென்ட்ரிங் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் பலகை எல்லாம் மிதந்துகொண்டிருந்தது.

முக்கால்வாசிப் பேர் என்னைக் கூப்பிடுவது ஐப்பசியில், தண்ணீர் மார்பளவு நிற்கும்போது. அப்போதுதானே படகு ஞாபகம் வருகிறது!

பழுது இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

மிஷின் எதுவும் வேண்டாம். ஒரு சுத்தியல், ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவர், கம்பி பிரஷ்.

மரம் என்றால் முதலில் பாசியையும் மண்ணையும் தேய்த்து எடுங்கள். தண்ணீர்க் கறை படிந்திருக்கும் உயரங்களிலும், தரையை ஒட்டி அரையடி மேலும் கீழும் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். வெளியே லேசாகப் பொருபொருவென்று வருவது வயசின் அடையாளம், பயமில்லை. ஒரு விரல் ஆழத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் உளுத்துவிட்டது. பிறகு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உள்ளே கூடானது மத்தளம் மாதிரி கேட்கும். தூணின் தலையை மறக்காதீர்கள். வெட்டிய முனை மேல்நோக்கி இருப்பதால் மழைத்தண்ணீர் அதன் வழியாகவே நடுமரத்துக்கு இறங்கும். தலைக்கு ஒரு தகடோ பிளாஸ்டிக் மூடியோ அடித்தால் பல வருஷம் ஆயுள் கூடும். நூறு ரூபாய் வேலை, யாரும் செய்வதில்லை.

கான்கிரீட்டில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் ஓடுகிறதா, செங்காவிக் கறை வழிகிறதா, தட்டினால் பொத்தல் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். சாக்பீஸால் அந்த இடங்களை வட்டமிட்டுப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் வட்டம் பெரிதாகியிருக்கிறதா என்று தெரியும்.

மரத்தூணின் இடுப்பு மட்டும் உளுத்திருக்கிறது. முழுசாகப் பிடுங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கீழே மண்ணுக்குள் இருப்பது நன்றாக இருந்தால், உளுத்த இடத்துக்குக் கீழே நல்ல மரம் வரும் வரை வெட்டிவிட்டு, அதே பருமனுள்ள புதுத் துண்டை மேலே நிறுத்தலாம். இணைப்பைப் பாதி பாதியாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, குறுக்கே கால்வனைஸ்டு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வெறுமனே முனையும் முனையும் முட்ட வைத்துத் தகடு அடித்தால் படகு இடிக்கும்போது முறியும். இணைப்பு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது.

வெட்ட முடியாத நிலைமை என்றால், பழைய தூணை ஒட்டி இன்னொரு தூணை நட்டு, சுமையை அதற்கு மாற்றிவிடுவோம். பார்க்க அழகாக இருக்காது. மீன்பாசிக்காரர்களுக்கு அழகு எதற்கு?

எது செய்தாலும் முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். முட்டு இல்லாமல் வெட்டித் தளத்தோடு தண்ணீருக்குள் இறங்கிய மேஸ்திரி ஒருவர் இன்னும் என்னோடுதான் வேலை பார்க்கிறார்.

சவுக்குக்கம்பு போதாதா? எந்த மரம் நல்லது?

பந்தலுக்குச் சவுக்கு போதும். மண்ணில் நட்டு ஈரத்தில் விட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் தரையோடு ஒடியும். தூணுக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். தேக்கு, வேங்கை, நாட்டுக் கருவேலம் எல்லாவற்றிலும் நடுவைரம்தான் சரக்கு. சுற்றியிருக்கும் வெள்ளை பூஞ்சைக்கும் கரையானுக்கும் பலகாரம். பனையில் தலைகீழ்: வைரம் வெளிப்புறத்தில், உள்ளே சோறு. முதிர்ந்த பனையாகப் பார்த்துப் பிளந்து, சோற்றை எடுத்துவிட்டு வெளிக்கட்டையை மட்டும் எடுப்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். ஆனால் இப்போது தமிழ்நாட்டில் பனையை வெட்ட அனுமதி வேண்டும். எனவே, பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பனைச்சட்டம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மருந்து ஏற்றிய மரம் வாங்குவதானால் அழுத்தத்தில் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். பிரஷால் பூசியது இரண்டு மில்லிமீட்டர்கூட உள்ளே போகாது. ஏற்றிய பிறகு வெட்டினாலோ துளை போட்டாலோ அந்த முகத்துக்குத் திரும்ப மருந்து பூச வேண்டும். இல்லாவிட்டால் காவல் போட்ட வீட்டில் பின்வாசலைத் திறந்து வைத்த கதை. மரத்தூளைக் கரையில் போட்டு எரிக்காதீர்கள். சில மருந்துகளில் ஆர்செனிக் இருக்கிறது.

தார் பூசலாமா? வண்டியின் பழைய ஆயில் இருக்கிறதே?

பழைய ஆயில் வேண்டவே வேண்டாம். மாடு குடிக்கிற தண்ணீர், மீன் வளர்கிற தண்ணீர். பாதுகாப்பாவது கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. மூன்று மாதத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

தார் நல்லதுதான், மரம் நன்றாகக் காய்ந்திருந்தால். ஈர மரத்தில் தார் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகும். வெளியே பளபளவென்று கறுப்பாக நிற்கும், உள்ளே உளுத்துப்போகும். கடற்கரையில் படகுக்காரர்கள் முந்திரிக்கொட்டை எண்ணெய், மீன் எண்ணெய் பூசுவார்கள். அது மரத்தில் ஊறும், ஆனால் வருஷா வருஷம் பூச வேண்டும். படகைக் கரையேற்றிப் பூசலாம். நட்ட தூணை எங்கே ஏற்றுவது?

கான்கிரீட் தூணில் கம்பி தெரிகிறது. மேலே சிமெண்ட் பூசிவிட்டால் சரியாகிவிடாதா சார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் தொண்டை வறண்டிருக்கிறேன். ஆகாது.

கம்பி ஏன் வெளியே தெரிகிறது என்று முதலில் பாருங்கள். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிடாமல் காக்கிறது. வருஷக்கணக்கில் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கும். அல்லது உப்பு உள்ளே போய்க் கம்பியின் காப்பை உடைக்கும். துருவாகும் இரும்பு, தான் இருந்த இடத்தைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்தத் தள்ளலில் மேலே இருக்கும் கான்கிரீட் பிளந்து பாளம் பாளமாக விழுகிறது. ஆக, விழுந்தது நோயின் முடிவு. நோய் கம்பியில் இருக்கிறது. அதன்மேல் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த வருஷம் பூச்சும் சேர்ந்து விழும்.

செய்ய வேண்டியது இது. பொத்தல் சத்தம் வந்த இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தக் கூடாது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு, குறைந்தது 20 மி.மீ. கொத்த வேண்டும். துரு கம்பியின் முதுகில்தான் ஒளிந்திருக்கும். பிறகு கம்பியை வெள்ளி மாதிரித் தேய்க்க வேண்டும். கம்பியின் பருமனில் கால்வாசி போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, பழைய கான்கிரீட்டின்மேல் ஒட்டும் பூச்சுக் கொடுத்து, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக அழுத்தி வைக்க வேண்டும். பெரிய பள்ளம் என்றால் பலகை அடைத்து, பொடி ஜல்லி கலந்த மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவோம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உப்பு ஏறிய தூணில் ஓரிடத்தை மட்டும் சுத்தமாகச் சரி செய்தால், சில வருஷத்தில் அதன் ஓரத்தைச் சுற்றி வட்டமாகப் புதுத் துரு கிளம்பும். முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் பக்கத்துக் கம்பிக்குத் தெரியாமல் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதை நாம் சரிசெய்துவிட்டதால் பக்கத்து இடம் பலியாகிறது. "போன தடவை நீங்கள் பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டது" என்று என்னையே திட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கடற்கரையில் ஒட்டுப்போடும்போது கலவைக்குள் கம்பியோடு சேர்த்துச் சின்னத் துத்தநாகக் கட்டி வைத்துக் கட்டுகிறோம். அது கரைந்து கம்பியைக் காக்கும்.

புதிதாகப் போடும் தூணுக்கு என்ன கான்கிரீட்?

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி தெளிவாகவே சொல்கிறது. மாறி மாறி நனைந்து காயும் கான்கிரீட் "கடுமையான" சூழலில் வருகிறது: எம்30 கிரேடு (எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. நம் கண்மாய்த் தூண் இதில்தான் சேரும். கடலில் ஏற்றவற்றம் படும் தூண் "மிகத் தீவிரமான" வகை: எம்40, 75 மி.மீ. கவர், விகிதம் 0.40. வீட்டுக்குப் போடுகிற எம்20-ஐயும் 20 மி.மீ. கவர் பிளாக்கையும் கொண்டுவந்து கண்மாயில் இறக்குவதுதான் நான் பார்க்கும் பழுதில் பாதிக்குக் காரணம்.

கலக்கும் தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். மதுரைக்குக் கிழக்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் உப்பு. கம்பி போடும் கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைக் கலவையில் விட்டால், நோயை நாமே ஊட்டி வளர்க்கிறோம். டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்குங்கள். கடல்நீரில் கியூரிங்கும் செய்யாதீர்கள். சிமெண்டில் நிலக்கரிச் சாம்பல் கலந்ததோ ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்ததோ உப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அவற்றுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். நம் வெயிலுக்கு நான் 14 நாள் சாக்குச் சுற்றி நனைப்பேன்.

இரும்புக் குழாய்த் தூண்?

நல்ல தண்ணீர்க் கண்மாயில் தடித்த குழாய் பல வருஷம் நிற்கும். கடைகளில் கிடைக்கிற மெல்லிய ஜி.ஐ. பைப் நிற்காது. நீர்மட்டத்தில் குண்டூசி ஓட்டை தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், உட்பக்கமும் துருப்பிடிக்கிறது. வெறும் ரெட் ஆக்சைடும் பெயிண்டும் கண்ணுக்கு அழகு. கீழே எபாக்சி என்ற பிசின் பூச்சு வேண்டும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும் பலிகட்டி போடுவதானால் கடலுக்குத் துத்தநாகம், கண்மாய்க்கு மக்னீசியம். நல்ல தண்ணீரில் மின்சாரம் எளிதில் ஓடாது, துத்தநாகத்தின் இழுப்பு அங்கே போதாது.

மண்டபம், தேவிபட்டினம் பக்கம் என்ன வித்தியாசம்?

எல்லாமே. முதலாவது, கண்மாயில் இல்லாத ஒரு பிராணி: கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் மட்டி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலை அளவு துளை போட்டு உள்ளே போய், அங்கேயே விரல் பருமனுக்கு வளர்ந்து மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் தூண் புதுசு மாதிரி நிற்கும், அறுத்துப் பார்த்தால் தேன்கூடு. அதாவது, மேலே நான் "தண்ணீருக்கடியில் மரம் கெடாது" என்று சொன்னது உப்புத்தண்ணீருக்குப் பொருந்தாது. அங்கே மரத்தூணை அடிமண்ணுக்குக் கீழிருந்து நீர்மட்டத்துக்கு மேல் வரை தடித்த பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றிவிடுவார்கள். உள்ளே தண்ணீர் மாறாமல் ஆக்சிஜன் தீர்ந்து புழு சாகும்; புதுசும் நுழையாது. உறையில் ஒரு கிழிசல் விட்டாலும் வீண்.

இரண்டாவது, உப்புக்காற்று. அந்தப் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் காற்றோடு அடிக்கும் தூவானம் தளத்துக்கு அடிப்பக்கம் வரை நனைக்கும். உத்திரத்தின் அடிவயிற்றை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முதலில் போவது அதுதான். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலம் துருவோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தும் நிலைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுத் தூக்குப்பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள், இணைப்புகளை வெல்டிங்காகவே வைத்திருக்கிறார்கள். ஆணி, போல்ட் இடுக்கில்தான் உப்புத்தண்ணீர் தங்கும். சின்ன ஜெட்டிக்கும் அதே பாடம்: துளை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. துருவைப் பற்றிப் பல வருஷமாக ஆராய்கிற இடம். மண்டபம் கடற்கரையில் இரும்பைக் காயப்போட்டு அளந்து பார்க்கிறவர்கள். கம்பிக்குப் பூசும் சிமெண்ட்-பாலிமர் பூச்சு அவர்கள் கண்டுபிடித்ததுதான். பெரிய வேலை என்றால் அவர்களைப் போன்றவர்களிடம் ஆலோசனை கேளுங்கள், என்னைப் போன்றவர்களிடம் கூலி கேளுங்கள்.

ஜாக்கெட் போடுவது என்கிறார்களே, அது என்ன?

தூணைச் சுற்றி ஃபைபர் உறை ஒன்றைச் சட்டை போல மாட்டி, இடையில் இருக்கும் இடத்தில் எபாக்சியோ சிமெண்ட் கூழோ அடியிலிருந்து மேலாக நிரப்புவது. தண்ணீரை இறைக்க முடியாத இடத்துக்கு நல்ல வழி. தூணைச் சுத்தமாகச் சுரண்டாமல் மாட்டினால் நாறின புண்ணுக்கு மேல் வெள்ளைத்துணி கட்டியதுதான். விலையும் அதிகம். வற்றும் கண்மாயில் எதற்கு? இரண்டு மாதம் பொறுத்தால் வெறுங்காலில் நடந்துபோய்ச் செய்யலாம்.

தூண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாய்கிறது.

மண்ணைப் பாருங்கள். திருமங்கலம், விருதுநகர்ப் பக்கம் கரிசல். தண்ணீர் நின்றால் ஊதும், வற்றினால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். தூணைச் சுற்றி வெடிப்பு விழுந்து பிடி விட்டுப்போகும். ஆழமாக நட்டு, கரிசலுக்குக் கீழே சுக்கான் பாறையிலோ கெட்டி மண்ணிலோ கால் ஊன்றச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்னொரு காரணம் நாமே செய்வது. கோடையில் வண்டல் அள்ள ஜே.சி.பி. இறங்குமே, தூணின் காலடியில்தான் நல்ல கரம்பை இருக்கிறது என்று அங்கேயே கை வைப்பார்கள். நாலடி மண் போனால் தூணின் பிடி நாலடி போயிற்று. அள்ளுகிற நாளில் ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள், தூணைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். ஏற்கெனவே அள்ளியிருந்தால் மண்ணைக் கொட்டி நிரப்பினால் போதாது, அது கரைந்துவிடும். பெரிய கருங்கல்லாகச் சுற்றி அடுக்குங்கள். ஆகாயத்தாமரையும் லேசுப்பட்டதல்ல. காற்றில் ஒரு ஏக்கர் பச்சைப்பாய் முழுவதும் ஒரு பக்கமாக வந்து தூணில் சாய்ந்தால் அத்தனை எடையையும் நாலு தூண்தான் தாங்க வேண்டும்.

தூணே வேண்டாம், மிதவை போட்டுவிடலாமா?

ஏறி இறங்கும் தண்ணீருக்கு என் ஓட்டு அதற்குத்தான். தெப்பம் கட்டத் தெரிந்த ஊருக்கு மிதவை புதிதா? 200 லிட்டர் டிரம் ஒன்று, தன் எடை போகச் சுமார் 180 கிலோ தாங்கும். பாதுகாப்புக்கு அதில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பேன். இரும்பு டிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். கட்டி இணைக்கும் பிளாஸ்டிக் பெட்டி மிதவைகளும் கிடைக்கின்றன. கூட்டம் ஒரு பக்கமாகப் போய் நின்றால் கவிழும். கைப்பிடியும் ஆள் கணக்கும் கட்டாயம். தண்ணீர் வற்றி மிதவை தரையில் உட்காரும் இடத்தில் கல்லோ கட்டையோ இல்லாமல் சமமாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டி விரியும். தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் நிலைத்தெப்பம் என்று நடத்தினார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான்.

பலகை, போல்ட்?

பலகைக்கு நடுவே விரல் இடைவெளி. ஆணி வேண்டாம், திருகாணி. கண்மாய்க்கு நன்றாகக் கால்வனைஸ் செய்த போல்ட் போதும். கடலுக்கு 316 வகை எவர்சில்வர். இரண்டையும் ஒரே இடத்தில் கலக்காதீர்கள், ஒன்று மற்றொன்றைத் தின்னும்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். கண்மாய் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பழைய தூணைச் சரிசெய்வதற்கும் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. கரையையும் மடையையும் கலுங்கையும் தொடவே கூடாது. கடற்கரையில் கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே வனத்துறையும் வரும்.

எவ்வளவு ஆகும்?

பார்க்காமல் சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியது, கலவைக்கு ஆகும் காசைவிடத் தூணை எட்டுவதற்கும் கொத்திச் சுத்தம் செய்வதற்கும் ஆகும் கூலிதான் அதிகம். யாராவது மலிவாகச் சொன்னால் கொத்துவதில்தான் கையை வைக்கப் போகிறார்கள். கொத்தி முடித்ததும், பூசுவதற்கு முன், நேரில் வந்து பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்து எத்தனை நாளில் படகு கட்டலாம்?

பாலிமர் ஒட்டுக்கு ஒரு வாரம், புதுக் கான்கிரீட் தூணுக்கு 28 நாள். அதன்பிறகும் சரிசெய்த தூணில் படகைக் கட்டாதீர்கள். காற்றில் படகு இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் தூணை அசைக்கும். தனியாக ஒரு கட்டுத்தறி நட்டு அதில் கட்டுங்கள். படகு இடிக்கும் உயரத்தில் பழைய டயரை இரண்டு மூன்று அடுக்காகத் தொங்கவிடுங்கள். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் கீழே இறங்கி இடிக்குமே. டயரின் அடிப்பக்கத்தில் மறக்காமல் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்தால், டெங்கு ஒழிப்புக்கு வருகிறவர்கள் டயரையே அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.